தடுப்பூசிக்குப் பிறகு தோள் தூக்க முடியவில்லையா? நட்டஈடு பற்றி திருகோணமலையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலத்தில் கூரைத் தகரம் ஒன்று என் காலைக் கிழித்தது. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. அந்தக் காயத்துக்காகப் போட்ட ஏற்பு (ரெட்டனஸ்) ஊசிதான் இடது தோளை ஒன்றரை வருடம் முடக்கிப் போட்டது. நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கோப்புகளுக்குள் கிடந்து ஓய்வுபெற்ற லிகிதர். கடிதம், மனு எழுதிக் கேட்டு வீட்டுக்கு ஆட்கள் வருவது பழைய வழக்கம். என் தோள் கதை வெளியே தெரிந்த பிறகு அதே மாதிரியான கதைகளோடும் வரத் தொடங்கினார்கள். கிண்ணியாவில் இருந்து ஹஜ்ஜுக்குப் போக மூளைக்காய்ச்சல் ஊசி போட்டவர் ஒருவர், நிலாவெளியில் இருந்து கர்ப்பகால ஊசி போட்ட பிள்ளை ஒன்று, நாய் கடித்தவர், ஆணி குத்தியவர். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஊசி போட்டால் இரண்டு நாள் கை நோவது எல்லாருக்கும் உள்ளதுதானே?

உள்ளதுதான். குத்திய இடத்துத் தசை நோகும், கொஞ்சம் வீங்கும், தொட்டால் சுடும். இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும். இறங்காமல் ஏறிக்கொண்டு போகிற வலியைத்தான் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் ஊசி போட்ட அன்றே, பிந்தினால் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிடும். மேல்கைத் தசையில் அல்ல, தோள் மூட்டுக்கு உள்ளே இருந்து வருவது போல இருக்கும். கை மேலே போகாது. தலை சீவ முடியாது, முதுகுப் பக்கம் கை கொண்டுபோய் சட்டைக் கொளுக்கி மாட்ட முடியாது, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. மூதூரில் இருந்து வந்த கடற்றொழிலாளி ஒருவர் சொன்னது இன்னும் நினைவில் நிற்கிறது: "ஐயா, வலை இழுக்கிறதை விடுங்கோ, கோயில்ல ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட ஏலாமக் கிடக்கு."

ஒரு கிழமை போயும் கை தோள் மட்டத்துக்கு மேலே எழும்பவில்லை என்றால் அதைச் சாதாரண ஊசி வலி என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

தோளின் உச்சியை விரலால் தடவிப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு முடிகிற ஒரு விளிம்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, தசைக்கும் மூட்டுக்கும் நடுவே, மெல்லிய திரவப்பை ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே கையைத் தூக்கிச் சுழற்றும் தசைநாண்கள். ஊசி அந்த விளிம்புக்குக் கிட்ட, மிக மேலே ஏறிவிட்டால் மருந்து தசைக்குள் இறங்காமல் திரவப்பைக்குள்ளோ தசைநாணுக்குள்ளோ இறங்கிவிடலாம். தடுப்பு மருந்தின் வேலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடுவதுதான். தசைக்குள் நடக்க வேண்டிய அந்த உசுப்பல் மூட்டோரத்தில் நடந்தால் அங்கே அழற்சி பிடிக்கிறது. பிறகு வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருக்க, மூட்டு இறுகி உறைந்துபோகிறது.

அமெரிக்காவில் நட்டஈடு கேட்டு வந்த 13 பேரின் கோப்புகளை ஆராய்ந்து 2010 இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்றுதான் இதைத் தனி ஒரு பாதிப்பாகப் பெயர் சொல்லிக் காட்டியது. தடுப்பூசி போடுவதோடு தொடர்புடைய தோள் பாதிப்பு என்ற அந்தப் பேரின் ஆங்கிலச் சுருக்கத்தைச் 'சிர்வா' என்கிறார்கள். அந்த 13 பேரில் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே வலி தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அங்குள்ள மருத்துவ நிறுவகத்தின் நிபுணர் குழுவும், ஊசி குத்தும் செயலால் தோளின் திரவப்பையில் அழற்சி வரும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது.

ஊசியைச் சரியாகப் போடும் இடம் எது?

அந்த எலும்பு விளிம்பில் இருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை தடிப்பாக இருக்கிற நடுப்பகுதி. அக்குள் மட்டத்துக்கு மேலே. போடுபவரும் போட்டுக்கொள்பவரும் இருவரும் கதிரையில் இருக்க வேண்டும். ஒருவர் நின்று மற்றவர் இருந்தால், நிற்கிறவரின் கை தன்னை அறியாமல் மேலே போகும்.

எனக்குப் போட்டபோது இருவருக்குமே கதிரை இல்லை. வரிசை நீளம், நான் நின்றபடி, அவரும் நின்றபடி. சட்டையைக் கழற்ற நேரமில்லாமல் கழுத்துப் பக்கத்தால் இழுத்துத் தோளைக் காட்டினேன். கழுத்தால் இழுத்தால் தெரிவது தோளின் உச்சி மட்டும்தான். தெரிகிற இடத்தில்தானே குத்துவார்கள்? இறுக்கமான சட்டைக் கையோடும் அபாயாவோடும் போகிற பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒதுக்குப்புறமாக இருந்து கையை முழுதாக வெளியே எடுக்க இடம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

அப்படியானால் தடுப்பூசியே வேண்டாமா?

இல்லை. பிழை மருந்தில் இல்லை, ஊசி இறங்கிய இடத்தில். ஏற்பு வந்த ஒருவரை ஒருமுறை பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். நட்டஈடு கேட்கும்போதும் இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். "தடுப்பூசி என்னைக் கெடுத்துவிட்டது" என்று தொடங்கும் மனுவை எந்த அதிகாரியும் இரண்டாம் பந்திக்கு மேல் வாசிக்கமாட்டார். "ஊசி பிழையான இடத்தில் போடப்பட்டது" என்று தொடங்கினால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வலி தொடங்கிவிட்டது. முதலில் என்ன செய்வது?

வைத்தியரிடம் போவது. அதே நேரம், திகதி போட்ட கடதாசி சேர்ப்பது. இந்த இரண்டாவதை எங்கள் ஆட்கள் செய்வதே இல்லை. நானும் செய்யவில்லை. முப்பது வருடம் மற்றவர்களின் கோப்பைப் பூட்டி வைத்தவன், என் ஒபிடி (வெளிநோயாளர் பிரிவு) துண்டைச் சட்டைப் பையோடு சலவைக்குப் போட்டேன்.

முதல் இரண்டு நாளுக்குள், முடிந்தால் ஊசி போட்ட அதே இடத்துக்கே, திரும்பிப் போங்கள். அங்குள்ள வைத்தியரிடம் மூன்று விடயத்தையும் சொல்லுங்கள்: எந்தத் திகதியில் எந்தக் கையில் ஊசி போட்டது, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன்பு அந்தத் தோளில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பது. சொன்னால் போதாது, துண்டில் எழுதச் சொல்லுங்கள். "தோள் வலி" என்று மட்டும் எழுதிய துண்டு பின்னால் உதவாது. "ஊசியின் பின் தோள் வலி" என்று எழுதியது உதவும்.

அடுத்தது, தடுப்பூசிக்குப் பின்னரான பாதகமான விளைவாக இதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பது. இலங்கையில் இதற்கென்று ஒரு படிவமும் ஒழுங்கும் உண்டு. வைத்தியசாலையோ உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ நிரப்ப, தகவல் கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். குடும்பநல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொன்னாலும் வழி காட்டுவார்கள். இது நட்டஈட்டுப் படிவம் அல்ல, மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற ஏற்பாடு. ஆனாலும் உங்கள் வலிக்கு அரசாங்கமே போட்ட திகதி அதில் இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி தேடிக் கிடைக்காது.

கூட வந்தவர் யார் என்று குறித்து வையுங்கள். ஊசி குத்திய இடத்தில் சிவப்போ வீக்கமோ இருந்தால் போனில் ஒரு படம், எலும்பு விளிம்பு தெரியும்படி, பக்கத்தில் விரலை வைத்து எடுங்கள். ஊசி எவ்வளவு மேலே போனது என்று பின்னால் காட்ட அது ஒன்றுதான் மிஞ்சும். மகளின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் நாள்தோறும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று கை எந்த உயரம் வரை போனது, எந்த வேலையை விட்டேன், எவ்வளவு கூலி போனது, முச்சக்கரவண்டிக்கு எவ்வளவு. சலிப்பான வேலைதான்.

என்ன பரிசோதனை, என்ன வைத்தியம்?

எலும்பு முறிவு வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிப் போங்கள். எக்ஸ்ரேயில் திரவப்பை அழற்சி தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கானிலோ எம்ஆர்ஐயிலோதான் தெரியும். வலி குறைக்கும் மாத்திரை, இயன்மருத்துவப் பயிற்சி, தேவைப்பட்டால் மூட்டில் ஸ்டீரொயிட் ஊசி. அரிதாகச் சத்திரசிகிச்சை. உறைந்துபோன தோள் இளக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட எடுக்கும்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் கொண்டுபோய் ஊற்றச் சொன்னவர்கள் ஒரு பஸ் நிறைய. நானும் போனேன். ஏழு கிணற்றிலும் ஊற்றினேன். சுகமாகத்தான் இருந்தது, கை மட்டும் எழும்பவில்லை. அதில் தீங்கில்லை. ஆனால் கையைப் பிடித்து ஒரே இழுவையில் "எடுத்துவிடுகிறேன்" என்பவர்களிடம் தோளைக் கொடுக்காதீர்கள். தசைநாண் கிழிந்தால் மூட்டும் போகும், வழக்கும் போகும். "இழுத்ததால் வந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்ல நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

இலங்கையில் தடுப்பூசிப் பாதிப்புக்கு நட்டஈட்டுத் திட்டம் இருக்கிறதா?

படிவம் நிரப்பிக் கொடுத்து, யாருடைய பிழை என்று பார்க்காமல் பணம் பெறுகிற திட்டம் இங்கே இல்லை. எங்களுக்கு உள்ளது பொதுவான குடியியல் சட்டம். றோமன் டச்சுச் சட்டத்தில் இருந்து வந்த தீங்கியல் வழக்கு. அதாவது, ஒருவர் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை, அதனால் எனக்கு இந்தச் சேதம் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

யாருக்கு எதிராக வழக்கு வைப்பது, எதை நிரூபிப்பது?

அரச இடமென்றால் ஊசி போட்டவரோடு அரசையும் சேர்ப்பார்கள். அரசின் சார்பில் நிற்பவர் சட்டமா அதிபர். 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் ஊழியரின் பிழைக்காக அரசின் மீது வழக்கு வைக்க வழி திறந்தது. அந்த இடம் மத்திய சுகாதார அமைச்சின் கீழா, கிழக்கு மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். யாருடைய பெயரைப் பிரதிவாதியாகப் போடுவது என்பது அதில் தங்கியிருக்கும். தனியார் கிளினிக் என்றால் போட்டவரும் அவரை வேலைக்கு வைத்த முதலாளியும்.

நிரூபிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஊசி போட்ட முறை பிழை. மற்றது, அந்தப் பிழையால்தான் இந்தத் தோள் இப்படியானது. இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த நாட்டின் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் எல்லோரும் எடுத்துக் காட்டுவது பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன. மூளைக்கட்டியால் இறந்த சிறு பிள்ளை ஒன்றின் தகப்பன் தொடர்ந்த வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது. உயர் நீதிமன்றம் 2001 இல் அதை இல்லாமல் செய்தது. வைத்தியரின் பக்கத்தில் கவனக்குறைவு இருந்தது என்று கண்ட பிறகும், அந்தக் கவனக்குறைவால்தான் பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தியபோது அரை மணித்தியாலம் பேச்சு வரவில்லை.

தோள் விடயத்தில் இந்த இடைவெளியை நிரப்புவது மூன்று பொருள்: 48 மணித்தியாலத்துக்குள் வலி தொடங்கியதைக் காட்டும் கடதாசி, அழற்சியைக் காட்டும் ஸ்கான், இரண்டையும் பொருத்திச் சொல்லத் தயாராக இருக்கும் வைத்திய நிபுணர். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கடினம். ஒரு வைத்தியரைப் பிழை சொல்ல இன்னொரு வைத்தியர் கூண்டில் ஏறுவது எங்கும் அரிது, சிறிய ஊரில் இன்னும் அரிது. இரண்டு பேரும் ஒரே கன்ரீனில் தேநீர் குடிப்பவர்கள். வெளி மாவட்ட நிபுணரின் அறிக்கைக்கு முயலுங்கள். குற்ற வழக்குப் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. இப்படி நடந்திருக்கவே சாத்தியம் அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லித் தட்டிக் கழிப்பார்களா?

கட்டாயம் சொல்வார்கள். சொல்வதில் நியாயமும் உண்டு. நீரிழிவுள்ளவர்களுக்கு ஊசியே இல்லாமலும் தோள் உறையும், அதுவும் நாற்பது, ஐம்பது வயதுகளில். என்னைப் பார்த்த முதல் இரண்டு வைத்தியர்களும் இரத்தச் சீனியைப் பார்த்துவிட்டு "இதுதான் காரணம்" என்று முடித்துவிட்டார்கள். ஊசியைப் பற்றி நான் சொன்னதை எழுதவே இல்லை.

ஆனால் சீனியால் உறையும் தோள் மெல்ல மெல்ல, கிழமைக் கணக்கில் வரும். ஊசியால் வருவது திகதியும் நேரமும் சொல்லக்கூடியதாக வரும், குத்திய தோளில் மட்டும் வரும். கழுத்து எலும்பால் வரும் நரம்பு வலி விரல் வரை ஓடும், விறைக்கும். இது அப்படி ஓடாது. இந்த வேறுபாடுகளை வைத்தியரின் அறிக்கையில் எழுதுவிக்க வேண்டும். முன்பு இருந்த கிளினிக் கொப்பிகளில் தோள் வலி பற்றிய பேச்சே இல்லை என்றால் அவையும் உங்கள் பக்கத்துச் சாட்சிதான். எறிந்துவிடாதீர்கள்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும்?

இரண்டு வருடம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், 9 ஆம் பிரிவு. கணக்கு ஊசி போட்ட நாளில் இருந்தே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்குப் பெயர் தெரிந்த நாளில் இருந்து என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

நான் சட்டத்தரணியிடம் போனது இரண்டு வருடமும் மூன்று மாதமும் கழித்து. ஒரு கோப்பு நிறையக் கடதாசியோடு போனேன். அவர் கோப்பைத் திறக்கவில்லை. "ஐயா, ஊசி போட்டது எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். கோப்பை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்றார்.

இன்னொன்று. அரசுக்கோ அரச உத்தியோகத்தருக்கோ எதிராக வழக்கு வைக்க முன்பு, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவின்படி எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அந்த மாதத்தையும் கடதாசி சேர்க்கும் மாதங்களையும் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டு ஒரு வருடத்துக்குள் சட்டத்தரணியைப் பார்க்காதவர் ஓட்டப்பந்தயம் ஓட வேண்டிவரும். தனியாரிடம் காசு கொடுத்துப் போட்ட ஊசிக்கு ஒப்பந்த மீறல் என்ற இன்னொரு கதவும் இருக்கலாம். எழுதாத ஒப்பந்தத்துக்குக் காலம் 3 வருடம். அது உங்கள் விடயத்துக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

வைத்தியசாலை என் பதிவுகளைத் தர மறுக்கிறது. என்ன செய்வது?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மற்றவரின் மருத்துவப் பதிவைத் தர மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் கேட்பது உங்களுடைய பதிவை. உங்கள் எழுத்துச் சம்மதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்தே அனுப்பினால் அந்தச் சாட்டு எழாது. அன்றைய ஊசிப் பதிவேட்டின் பக்கம், மருந்தின் தொகுதி இலக்கம், கடமையில் இருந்தவரின் பதவி, பாதகவிளைவுப் படிவத்தின் பிரதி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. இதை அலுவலகத்துக்கு உள்ளே இருந்தவன் சொல்கிறேன்.

வழக்கில்லாமல் முடிக்க முடியாதா?

முயன்று பார்க்கலாம். வைத்தியசாலைப் பணிப்பாளருக்கோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கோ பதிவுத் தபாலில் ஒரு முறைப்பாடு. தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மேற்படி திகதியில் தங்கள் நிறுவனத்தில் எனது இடது கையில் ஏற்புத் தடுப்பூசி போடப்பட்டது. ஊசி தோள் எலும்பு விளிம்புக்கு மிக அண்மையில் ஏற்றப்பட்டது. அன்றிரவே தோள் மூட்டில் கடும் வலி தொடங்கியது. இன்றுவரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த முடியவில்லை. இதற்கு முன் அத்தோளில் எந்த நோயும் இருந்ததில்லை. வைத்திய அறிக்கைகளின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. இதுபற்றி விசாரணை செய்து முடிவை எழுத்தில் அறியத்தருமாறும், எனது வைத்தியச் செலவு, வருமான இழப்பு என்பவற்றுக்கான நட்டஈடு பற்றித் தங்கள் நிலைப்பாட்டைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு திட்டு வார்த்தை இல்லை என்பதைப் பாருங்கள். கோபத்தைக் கொப்பியில் எழுதுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

தனியார் இடமென்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும், வைத்தியர் ஒருவரின் நடத்தை பற்றியதென்றால் இலங்கை மருத்துவ சபைக்கும் முறையிடலாம். மருத்துவ சபை ஒழுக்க விசாரணை செய்யும், காசு வாங்கித் தராது. முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறது என்பதால் இரண்டு வருடக் கணக்கு நின்றுவிடாது. அதை மறந்தவர்கள்தான் என் வீட்டு விறாந்தையில் அதிகம்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாமா?

திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, போகலாம். ஆனால் ஊசி பிழையான இடத்தில் போனது மட்டும் அடிப்படை உரிமை மீறல் ஆவது அரிது. மொழியை, இனத்தை வைத்து உங்களை வேறுவிதமாக நடத்தினார்கள், கவனிக்க மறுத்தார்கள் என்றால் அது வேறு கதை. அப்போது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதக் கெடு.

எவ்வளவு கிடைக்கும்?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, நான் கடைசிக்குத் தள்ளுவது. நிர்ணயித்த விலைப்பட்டியல் எதுவும் இல்லை. வைத்தியச் செலவு, போக்குவரத்து, இழந்த கூலி, இனி இழக்கப்போகும் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை என்று பிரித்துக் கேட்பார்கள். முதல் மூன்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். நாட்கூலிக்காரருக்குச் சம்பளத் துண்டு கிடையாது. சங்கத்தின் கடிதம், மீன் வாடி முதலாளியின் கணக்குக் கொப்பி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று தேட வேண்டியதுதான். மூன்று மாதத்தில் மாறிய வலிக்கு வழக்குச் செலவே அதிகமாக வரும். அப்படிப்பட்டவர்களிடம் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்து உதவி செய்வார்கள். ஆலோசனை கேட்கத் தயங்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் அமெரிக்கச் சட்டத்தரணிகளின் விளம்பரமாகவே வருகிறது. அது எங்களுக்குப் பொருந்துமா?

இங்கே போட்ட ஊசிக்குப் பொருந்தாது. மற்றபடி அந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் அமைந்து 1988 முதல் இயங்கும் தேசியத் திட்டம் அது. திட்டத்தில் அடங்கும் ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சதம் வரியாக எடுத்து நிதியில் போடுகிறார்கள். யார் பிழை விட்டார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2017 மார்ச்சில் தோள் பாதிப்பையும் நட்டஈட்டுக்கு உரிய பாதிப்புகளின் அட்டவணையில் சேர்த்தார்கள். முன்பு அந்தத் தோளில் குறை இருக்கக்கூடாது, 48 மணித்தியாலத்துக்குள் வலி தொடங்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு மட்டும் நிற்க வேண்டும், வேறு நோய் காரணமாக இருக்கக்கூடாது. இந்த நான்கும் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அறிகுறி தொடங்கி 3 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். வலி வேதனைக்கு உச்சம் 250,000 டொலர். நியாயமான மனு என்றால் தோற்றாலும் சட்டத்தரணி செலவை அந்தத் திட்டமே கொடுக்கும். 2021 ஜனவரியில் தோள் பாதிப்பை அட்டவணையில் இருந்து எடுக்க விதி போட்டு, ஏப்ரலிலேயே அந்த விதியை மீளப் பெற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்கப் பிரசையாக இருக்கத் தேவையில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே போன இடத்தில் ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுத் தோள் பிடித்த அம்மாவும் கேட்கலாம். அப்படி ஒருவர் உவர்மலையில் இருக்கிறார். அவருக்கு நான் சொல்லும் வரை தெரியாது.

அந்த நான்கு நிபந்தனையும் எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் வைத்திய நிபுணர் அறிக்கை எழுதும்போது அவற்றை வரிசையாகத் தொட்டு எழுதினால், காரணத்தை நிரூபிக்கும் அந்த இடைவெளி பெருமளவு அடைபடும்.

லண்டன், கனடா, அவுஸ்திரேலியாவில் இருக்கும் உறவினருக்கு?

பிரித்தானியாவில் 1979 முதல் ஒரு கொடுப்பனவுத் திட்டம் உண்டு, 120,000 பவுண். ஆனால் 60 வீத ஊனம் வேண்டும். தோள் ஒன்று அந்த அளவைத் தொடுவது கடினம். கனடாவின் திட்டம் 2021 ஜூனில் தொடங்கியது, பாரதூரமான நிரந்தரப் பாதிப்புக்கு. கியூபெக்குக்குத் தனி ஏற்பாடு. அவுஸ்திரேலியாவின் கொவிட் ஊசித் திட்டம் தோள் பாதிப்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. அது 2024 செப்ரெம்பர் 30 உடன் மூடப்பட்டது.

கொவிட் ஊசியால் வந்த தோள் வலி?

கொவிட் ஊசிகளை நாடுகளுக்குப் பகிர்ந்த கோவக்ஸ் என்ற உலக ஏற்பாட்டின் வழியாக வந்த ஊசிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 92 நாடுகளுக்கென்று ஒரு நட்டஈட்டுத் திட்டம் வைத்தது. இலங்கையும் அதில் அடக்கம். ஆனால் அது நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் மட்டும். இங்கே பெரும்பாலானோர் போட்ட சினோபார்ம் சீனா அன்பளிப்புத் தந்ததும் அரசு நேரடியாக வாங்கியதும். உள்ளூர் வழக்கு என்று பார்த்தால், 2021 இல் போட்ட ஊசிக்கு இரண்டு வருடக் கெடு எப்போதோ போய்விட்டது.

ஊசி போட்ட தங்கச்சி நல்ல பிள்ளை. அவளை மாட்டிவிட மனமில்லை.

பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் கடிதத்தையே எழுதாமல் எழும்பிப் போகிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஒரு காலையில் எத்தனை பேருக்குக் குத்தினார் என்று எண்ணியிருந்தால் அவரைக் குறை சொல்ல வாய் வராது. வழக்கென்று போனால் அவர் பெயர் வரும், அதை மறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் முறைப்பாட்டுக் கடிதத்தில் பெயர் எழுதத் தேவையில்லை. திகதியும் இடமும் நடந்ததும் போதும். இரண்டு கதிரை போடாமல், ஒரு மறைப்புத் துணி கட்டாமல் வரிசையை ஓட்டச் சொன்னது அவர் இல்லையே.

காலம் கடந்த பிறகும் நான் அப்படி ஒரு கடிதம் எழுதினேன். நட்டஈடு கேட்கவில்லை, பதிலும் வரவில்லை. அடுத்த வருடம் கையை நாய் கடித்து அதே இடத்துக்குப் போக வேண்டிவந்தது. ஊசி அறையில் சுவரோரமாக இரண்டு பிளாஸ்ரிக் கதிரை எதிரெதிராகக் கிடந்தது. "இருங்கோ ஐயா, சேட்டைக் கழட்டுங்கோ" என்றார்.